கறுப்புக் காய் வந்தால் வயிற்று வலி

என் பெண்ணுக்கு வெள்ளைக் காய் வந்தால் ஒன்றுமில்லை. கறுப்புக் காய் வந்தால் வயிறு வலிக்கும்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அப்போது சென்னையில் ஒரு பாலத்தையே சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அது வேணும்" என்று அழுதாள் என் எட்டு வயதுப் பெண். பாலத்தைத்தான் கேட்கிறாளோ என்று நினைத்தேன். காரைக்காலில் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் செஸ் கற்றுக்கொடுத்தார். சேர்த்துவிட்டேன். ஒரு வருஷத்துக்குள் நாகப்பட்டினம், கும்பகோணம் என்று போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டது.

போட்டி மண்டபத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். யாரோடு யார், யாருக்கு எந்த நிறம் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஓம வாட்டர் கொடுத்தேன். பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. கடைசியில் டாக்டரிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் பரீட்சை அன்னிக்கும் வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை. "செஸ் அன்னிக்கு எல்லா ஆட்டத்துக்கும் வலிக்குதா?" இதற்கு அவளே பதில் சொன்னாள்: "கறுப்பு வந்தா மட்டும்தான், டாக்டர்."

மருந்துச் சீட்டில் அவர் எதுவும் எழுதவில்லை. "வலி நிஜம்தாம்மா. நடிக்கிறான்னு நினைச்சிடாதீங்க. பயம் குழந்தைங்களுக்கு வயித்துலதான் உக்காரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அடுத்த போட்டியில் கறுப்பில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்றாள். மூன்றும் கால் மணி நேரத்துக்குள். பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, "எதுக்கு இவ்வளவு செலவு? பஸ்ஸுக்குக் கொடுத்த காசுக்காவது ஒழுங்கா ஆடக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். முதுகில் ஒரு அடியும் வைத்தேன். அவள் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், வீட்டுக்கு வந்து காய்களை டப்பாவில் போட்டு, அதைப் பரண்மேல் வைக்கச் சொன்னாள். அதன்பிறகு இரண்டு மாதம் அந்தப் பேச்சே இல்லை.

எங்கள் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்காலில் 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர்களின் வீடு. 1954-ல் ஆட்சி கைமாறி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே பல உண்டு. எங்கள் மாமாவும் அப்படிப் போனவர்தான். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீடு அதிர நடப்பார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபிறகு பேச்சும் குறைந்துபோய்விட்டது. அவருடைய மரப் பலகையும் காய்களும் மட்டும் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன.

ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவருக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். அந்தப் பலகையை இடது கையால் காட்டினார்.

"பாப்பா ஏன் ஆடறதில்ல?"

நடந்ததைச் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஆடு" என்றார்.

"எனக்கா மாமா? யானை நேரா போகும், குதிரை தாண்டும், அவ்வளவுதான் தெரியும்."

"போதும்."

அன்றிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு எங்கள் கூடத்தில் சதுரங்கம். அத்தை தலையில் அடித்துக்கொள்வார். "ஊரு உலகத்துல மாமனாருக்கு மருமக காலைப் பிடிச்சு விடுவா. இங்க மாமனாரை வெட்டறதுக்கு உக்காந்திருக்கா!"

வெட்டுவதாவது! எனக்கு எப்போதும் கறுப்புக் காய்தான் கொடுப்பார். பத்து நிமிஷத்தில் தோற்பேன். அவர் காய்களுக்குச் சொல்கிற பேரே வேறு. ராணி அவருக்கு 'தாம்'. யானை 'தூர்', அதாவது கோபுரம். நாம் மந்திரி என்கிறோமே, அது அவர் பாஷையில் 'ஃபூ'. அப்படியென்றால் பைத்தியக்காரன், அரண்மனைக் கோமாளி என்று அர்த்தமாம். "நம்மூர்ல மந்திரி, அவங்க ஊர்ல பைத்தியமா?" என்று நான் கேட்டதற்கு, பக்கவாதம் வந்தபிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பத்து நாள் தோற்றபிறகுதான் புரிந்தது. என் பெண் செய்கிற அதே தப்பைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். வெள்ளை முதலில் நகர்த்துகிறது, நடுவில் சிப்பாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பார்த்தவுடனே பதற்றம். அவர்கள் ஒரு அடி முந்திவிட்டார்களே! உடனே நானும் நடுவில் பாய்வேன், ராணியை வெளியே இழுப்பேன், கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டுவேன். என் ராஜா நட்டநடுவில் அம்போ என்று நிற்பான்.

"முதல்ல வீட்டைக் கட்டு. அப்புறம் தெருச் சண்டை" என்று சொல்லி மாமா ஒரு முறையைக் காட்டிக்கொடுத்தார்.

ராணிக்கு முன்னாலுள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்து. ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடு. அந்தக் குதிரை நின்ற இடத்துக்கு முன்னாலிருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்து. அது விட்ட கட்டத்தில் மந்திரியைக் கொண்டுபோய் உட்கார வை. பிறகு ராஜாவுக்குக் கோட்டை. ஆக ஐந்தே நகர்த்தல். எதிராளி ராஜா சிப்பாயோடு ஆரம்பித்தாலும் சரி, ராணி சிப்பாயோடு ஆரம்பித்தாலும் சரி, நாம் கட்டுகிற வீடு இதேதான்.

வரிசையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எதிராளி ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் வைத்திருந்தால், குதிரையை முதலில் எடுக்கக் கூடாது. அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு அடி வந்து குதிரையைத் துரத்தும். நம் ராணி சிப்பாயை முதலில் ஒரு கட்டம் வைத்துவிட்டால் அந்தச் சிப்பாய் வரட்டுமே, வெட்டிவிடலாம். என் பெண் தோற்ற ஆட்டங்களின் தாள்களை ரகசியமாக எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு, குதிரை துரத்தப்பட்டதிலிருந்து ஆரம்பித்த நாசம்.

அந்த மூலை மந்திரியைப் பற்றி மாமா சொன்னதைத்தான் நான் மறக்கவே மாட்டேன். எங்களுடையது பழைய காலத்து வீடு. கொல்லைக் கதவில் நின்றால் முற்றம், கூடம், ரேழி எல்லாம் தாண்டித் தெருவில் போகிற சைக்கிள் தெரியும். "அந்த ஃபூ கொல்லையில நிக்குது. இடையில கதவு சாத்தியிருக்கு. ஒவ்வொரு கதவா திறக்கும்போது பாரு, அது தெருக்கோடி வரைக்கும் அடிக்கும்" என்றார். மூலையை ஒட்டிய கட்டத்திலிருந்து எதிர் மூலை வரைக்கும் குறுக்காக ஒரே கோடு! அத்தனை நாளும் அது சும்மா ஓரத்தில் ஒதுங்கி நிற்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

"பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு நீங்க பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடலையா மாமா?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். அப்படியும் ஒரு தற்காப்பு இருக்கிறது. 1834-ல் பாரிஸ் ஆட்டக்காரர்களும் லண்டன் ஆட்டக்காரர்களும் கடிதத்திலேயே ஆடியபோது பாரிஸ் ஆடிய ஆட்டத்தால் வந்த பெயர். மாமா உதட்டைப் பிதுக்கினார். "அதுல என் ஃபூ ஒண்ணு வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கும். இது நம்ம ஊருது. ஆன்தியேன்."

நம்ம ஊருதா? கொழுந்தனார் வாங்கிக் கொடுத்த புத்தகத்தில் பார்த்தால் உண்மைதான். 'கிங்ஸ் இந்தியன் டிஃபென்ஸ்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். இதே வீட்டை ராஜா சிப்பாய்க்கு எதிராகக் கட்டினால் 'பிர்ஸ்' என்று வேறு பெயர். 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீல் இருந்தார். பெரிய ஆட்டக்காரர். வங்காளத்துக் கிராமப்புறத்திலிருந்து மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் அவரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். கறுப்பு வந்தால் பல ஆட்டங்களில் இப்படித்தான், சிப்பாயை ஒரு கட்டம் ஒரு கட்டமாக வைத்து, மந்திரியை ஓரத்தில் உட்கார வைத்து ஆடியிருக்கிறார். அந்தக் காலத்து நம் ஊர் ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகவே முடியாது. அந்தப் பழக்கம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு உடனே என் பாட்டி ஞாபகம்தான். கும்பகோணத்தில் துணியில் கட்டம் தைத்து வைத்திருப்பாள். அவள் ஆட்டத்திலும் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான். "பெரிய தாவல் தாவினா காலு சுளுக்கிக்கும்டி" என்பாள்.

ஐரோப்பியர்கள் ரொம்ப நாள் இதை மதிக்கவில்லை. நடுக்கட்டங்களை எதிராளிக்குத் தாரை வார்ப்பதாவது என்று நினைத்தார்கள். 1920-களுக்குப் பிறகு மெல்ல மதிப்பு வந்தது. 1940-களில் சோவியத் ஆட்டக்காரர்கள் பிரான்ஸ்டீனும் போலெஸ்லாவ்ஸ்கியும் இதைக் கூர்தீட்டினார்கள். பிறகு ஃபிஷர், காஸ்பரோவ் எல்லாம் இதை ஆடி ஜெயித்தார்கள். அதே புத்தகத்தில் இன்னொன்றும் படித்தேன், இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டம் வாங்கியவர் ஃபாத்திமா என்று நம் நாட்டிலிருந்து போன ஒரு பெண். சர் உமர் ஹயாத் கான் என்ற பிரபுவின் வீட்டுப் பணிப்பெண்! நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, வீடு கட்டியாயிற்று. அடுத்து?

இங்கேதான் இந்த ஆட்டத்தின் வளைந்துகொடுக்கிற குணம். முன்கூட்டியே எதையும் முடிவு செய்துகொள்வதில்லை. எதிராளி நடுவில் சிப்பாய்களை எப்படி நிறுத்துகிறார் என்று பார்த்துவிட்டு, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயால் அந்த நடுவை இடிக்கலாம். அல்லது ராணி பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருப்பதால் இடிக்கலாம். முதலாவதில், எதிராளி தன் ராணி சிப்பாயை மேலே தள்ளினால் நடுவாசல் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். நம் மூலை மந்திரிக்குக் கொஞ்ச நாள் நம் சிப்பாயே மறைப்பு. நடு பூட்டிக்கொண்டால் சண்டை ஓரங்களுக்குப் போகும். அவர்கள் ராணி பக்கமாக உள்ளே நுழைவார்கள். நாம் முன்னால் நிற்கிற குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ராஜா பக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அப்புறம் அது ஒரு அடி, பக்கத்துச் சிப்பாய் ஒரு அடி என்று அவர்கள் ராஜா வீட்டை நோக்கி ஊர்வலம். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். நெஞ்சு படபடக்கிற ஆட்டம். நம் ராஜாவுக்குக் காவலாக இருந்த சிப்பாய்களைத்தானே அனுப்புகிறோம்!

இரண்டாவது வகையில் எதிராளி சிப்பாய் தாண்டிப் போய்விட்டால் மூலை மந்திரியின் கோடு திறந்துவிடும். அப்போது ராணி பக்கத்துச் சிப்பாய்களை மெல்ல நகர்த்திக்கொண்டு போகலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். என் பெண்ணுக்கு முதலாவது. அவரவர் சுபாவம்.

ஆபத்து இல்லாமல் இல்லை. இடம் குறைவு. காய்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டும், கல்யாண வீட்டு அடுக்களை மாதிரி. நேரத்துக்கு இடிக்காமல் காத்துக்கொண்டே இருந்தால் மூச்சுமுட்டிச் சாவோம். இன்னொன்று, எதிராளி ராணியையும் மந்திரியையும் ஒரே கோட்டில் வைத்து நம் மூலை மந்திரியை மாற்றிக்கொள்ளப் பார்ப்பார். மாமா என்னிடம் நாலு ராத்திரி தொடர்ந்து அதைச் செய்தார். நாலு ராத்திரியும் நான் ஒப்புக்கொண்டு மாற்றினேன். மந்திரி போனதும் என் ராஜாவைச் சுற்றி ஒரே ஓட்டை! ஐந்தாம் நாள்தான் மந்திரியை நகர்த்தித் தப்பிக்க வைத்தேன். "ஆ...!" என்றார் மாமா. அவ்வளவுதான் பாராட்டு.

பெண் இதையெல்லாம் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வரவில்லை.

2024 ஆனியில் மாங்கனித் திருவிழா. சுவாமி ஊர்வலத்துக்கு மாம்பழம் இறைத்து, வீடு முழுக்க விருந்தாளி. அதெல்லாம் முடிந்து கும்பகோணம் போகிற வழியில், திருவாரூர் ஜில்லாவில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள பூவனூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சதுரங்க வல்லபநாதர் கோயில். அங்கே சுவாமிக்குப் பேரே அதுதான். அம்பாள் ராஜகுமாரியாக வளர்ந்தாளாம். சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. சிவபெருமான் கிழவர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டாராம். பிரகாரத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டு என் பெண், "அம்பாளே தோத்தாங்களா?" என்றாள்.

"ஆமா."

"அவங்க அம்மா திட்டினாங்களாம்மா?"

என்ன பதில் சொல்வது? வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "இல்லடி கண்ணு. உங்கம்மாதான் திட்டினா. அடிச்சா. தப்பு" என்றேன். அவள் பதிலே சொல்லவில்லை. குருக்கள் கொடுத்த விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் இரவு. நானும் மாமாவும் ஆடிக்கொண்டிருந்தோம். நான் ஒரு யானையைத் தூக்கி எங்கே வைக்கலாம் என்று காற்றில் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. "அம்மா, குதிரையை முதல்ல பின்னால எடு. அப்பத்தான் சிப்பாய் போகும்." மாமா என்னைப் பார்த்தார். நான் எழுந்து இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.

ஆனந்தின் அம்மா சுசீலாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மணிலாவில் இருந்தபோது, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் டி.வி.யில் வருகிற செஸ் புதிர்களை எழுதி வைத்து, சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து போடுவாராம். பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரின் அம்மா நாகலட்சுமி, போகிற ஊருக்கெல்லாம் குக்கரைக் கொண்டுபோய் ரசம் சாதம் பண்ணிப் போடுகிறவர். அவர்கள் அளவுக்கு நான் எங்கே? ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் போட்டி நாளில் பூரி கிழங்கு கட்டிக்கொண்டு போவேன். இப்போது இட்லி, அல்லது குழைந்த தயிர் சாதம், ஒரு வாழைப்பழம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பாட்டிலில் வெறும் தண்ணீர். சுவரில் தாள் ஒட்டும்போது நான் போய்ப் பார்ப்பதில்லை. அவளே பார்த்துவிட்டு வந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மறுபடி முதல் போட்டி. இரண்டாவது சுற்றில் வந்து நின்றாள். "கறுப்பும்மா." கை வயிற்றுக்குப் போனது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"சரி" என்று மட்டும் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். உள்ளே போய்விட்டாள்.

அரை மணியில் வரவில்லை. முக்கால் மணி ஆயிற்று. மற்ற குழந்தைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். எனக்குத்தான் இப்போது வயிற்றைக் கலக்கியது! கடைசியாக ஒரு பையனோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். டிரா. அரைப் பாயின்ட். நடுவாசல் பூட்டிக்கொண்டதாம், சிப்பாயை அனுப்பினாளாம், ஒரு நகர்த்தல் தாமதமாகிவிட்டதாம், அவனும் நுழைய முடியவில்லையாம். மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அத்தை எடுத்து மாமாவின் காதில் வைத்திருக்க வேண்டும். ஜெயித்தாயா தோற்றாயா என்று அவர் கேட்கவில்லை.

"அந்த ஃபூ கடைசி வரைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு தாத்தா."

"ஆ...!" என்று சத்தம் எனக்கே கேட்டது.